வீட்டு முகப்பு மட்டும் நின்றால் போதுமா?

காஞ்சிபுரத்தைப் 'பாரம்பரிய நகரம்' என்று புகழாத மேடை இல்லை. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய 'ஹ்ரிதய்' திட்டத்திற்கு நாடு முழுவதும் 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் நமது ஊரும் வேளாங்கண்ணியும் அதில் இடம்பெற்றன. 2019 மார்ச்சோடு அத்திட்டம் முடிந்தது. 2012-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமோ பன்னிரண்டு ஆண்டுகள் தூங்கி எழுந்து, 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இதுவரை கோயில், குளம் என்றிருந்த பேச்சு இனித் தெருவுக்கும் வீட்டுக்கும் வரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அப்படி வரும்போது பிள்ளையார்பாளையத்தின் பெயர் முதல் வரிசையில் நிற்கும்.

வரட்டும், வரவேற்போம். ஆனால் பழைய தெருவுக்கு மவுசு கூடினால், அந்தத் தெருவில் அரிசியும் பருப்பும் விற்றுக்கொண்டிருந்தவர் கதி என்ன? இந்தக் கேள்வியை வணிகர்களாகிய நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

அமெரிக்கர்கள் இந்தச் சோதனையைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்திப் பார்த்துவிட்டார்கள். 1931-ல் சார்ல்ஸ்டன் நகரம் தன் பழைய வட்டாரத்தைச் சட்டம் போட்டுக் காத்தது. அந்நாட்டில் அதுவே முதல் முயற்சி. பின்னர் ஒவ்வொரு நகரமாகத் தொடர்ந்தது. இன்று அந்த வட்டாரங்களில் பல பணக்காரர் குடியிருப்புகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்: செங்கல் வீடு, பழைய விளக்குக் கம்பம், கல் பாவிய சந்து. கடைத்தெருவை வைத்துப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபாடு என்பது தெரியும்.

பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் என்றொரு குன்றுப் பகுதி. 1947-ல் நகராட்சி அங்கே செங்கல் நடைபாதையைப் பெயர்க்க வந்தபோது, அந்தத் தெருப் பெண்களே நடைபாதையில் உட்கார்ந்து மறித்தார்கள். 1955-ல் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வட்டாரமாயிற்று. வீட்டு விலை சாதாரண மனிதர் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆயினும் குன்றின் அடியில் சார்லஸ் வீதி கடைத்தெருவாகவே இருக்கிறது: கீழே கடை, மேலே வீடு. குடியிருப்பவர் நடந்து போய்ச் சாமான் வாங்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. பணக்காரர் தெருவானாலும் அது தெருவாகவே நீடிக்கிறது.

பிலடெல்பியாவின் சொசைட்டி ஹில் கதை வேறு. மொத்த வியாபாரிகள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். அங்கே டாக் வீதியில் காய்கறி, பழம், உணவுப்பொருள் மொத்த வியாபாரச் சந்தை இருந்தது. விடியுமுன் வண்டிகள், மூட்டைகள், கூச்சல், குப்பை. பக்கத்திலேயே பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள். அழகான வீடுகளின் நடுவே இந்த அலங்கோலம் எதற்கு என்று திட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். 1959-ல் நகரின் தென்கோடியில் புதிய உணவுப்பொருள் சந்தை திறந்து, டாக் வீதி வியாபாரம் அங்கே பெயர்க்கப்பட்டது. பழைய இடம் தரைமட்டமாயிற்று. 1964-ல் அந்த வட்டாரத்தில் ஐ.எம்.பெய் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த மூன்று அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. அந்தப் பழைய வீடுகளில் இருந்தவர்களுக்கும் ஒரு நிபந்தனை: உன் வீட்டைப் பழைய முறைப்படி உன் செலவில் புதுப்பி, முடியாவிட்டால் அரசு அமைப்புக்கு விற்றுவிட்டுப் போ. கையில் காசில்லாதவர்கள், அவர்களில் கறுப்பினத்தவர் பலர், போனார்கள். வீடுகள் பிழைத்தன. வீட்டில் இருந்தவர்கள்தான் பிழைக்கவில்லை.

சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோவதே தவறு என்று நாம் வாதாடவில்லை. சென்னை கொத்தவால்சாவடி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. பழைய இடத்தின் நெரிசலைப் பார்த்த யாரும் அந்தத் தேவையை மறுக்க மாட்டார்கள். மொத்த வியாபாரி லாரி எடுத்துக்கொண்டு புது இடம் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். சந்தையை நம்பிப் பக்கத்துச் சந்தில் இருந்த சாக்குக் கடையும் டீக்கடையும் எந்த லாரியில் ஏறும்?

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் அங்கே ஹட்சன் வீதியில் குடியிருந்தவர். 1961-ல் அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும் பற்றி ஒரு நூல் எழுதி, நகரத் திட்ட நிபுணர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். தெருவைக் காப்பது போலீஸ் மட்டுமல்ல, கடை திறந்து உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்தான் என்பது அவர் கண்டு சொன்னது. அந்தத் தெருவில் வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்களாம். நம்மில் எத்தனை பேர் கல்லாவில் இன்றும் அடுத்த வீட்டுச் சாவி கிடக்கிறது! இதைப் படித்துவிட்டுத்தான் ஒரு அமெரிக்க அம்மாள் நமக்குத் தெரிந்ததையே எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறாரே என்று நமக்குத் தோன்றியது.

அந்த வட்டாரம் 1969-ல் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வீடுகளைத் தொட முடியாது. ஆனால் வாடகையை ஏற்றலாம். அங்குள்ள பிளீக்கர் வீதியில் 2000-க்குப் பிறகு அன்றாடக் கடைகள் போய், பெரிய பெரிய ஆடம்பர உடை நிறுவனங்கள் வந்தன. அவர்களுக்கும் வாடகை கட்டுபடியாகாமல் போகவே, 2017 வாக்கில் கடைக்குக் கடை பூட்டுத் தொங்கியது. சாவி வாங்கி வைக்க ஆளில்லாத தெருவாயிற்று.

அமெரிக்கா எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்பவர்களுக்குப் பினாங்கைக் காட்டுவோம். தமிழ் மளிகைக் கடைகளும் மசாலாக் கடைகளும் நிறைந்த 'லிட்டில் இந்தியா' அங்கே ஜார்ஜ் டவுனில்தான் இருக்கிறது. குயின் வீதி மகா மாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. கடைக்காரர்களுக்குக் கவசமாக இருந்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997-ல் மலேசிய அரசு அதை நீக்கிச் சட்டம் இயற்றி, கொஞ்சம் அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி முதல் நாளோடு முற்றிலும் எடுத்துவிட்டது. வாடகை தாவியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ அந்த நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துப் பாராட்டியது. பாராட்டு வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே கடைக்காரரின் கவசம் போய்விட்டது.

நமக்கும் அந்தக் கவசம் போய்விட்டது என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை. 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 22-2-2019 முதல் நடப்பில் இருக்கிறது. 'நியாய வாடகை' கேட்டு வழக்குப் போட்ட காலம் முடிந்தது. இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகலாம். 'எங்கப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சுத்தான், ஓனர் தங்கமானவர்' என்று இருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஓனர் தங்கமானவராகவே இருக்கலாம். இடத்துக்கு விலை ஏறியபின் ஓனரின் வாரிசுகளும் அப்படியே இருப்பார்கள் என்று யார் உறுதி சொல்வது? (கோயில் இடத்தில் கடை வைத்திருப்போரின் பாடு தனி. அதை வேறொரு முறை எழுத வேண்டும்.)

பிள்ளையார்பாளையத்தின் செல்வம் வீட்டு முகப்பில் இல்லை. குறுகலான வாசல், திண்ணை, உள்ளே நீண்டு போகும் கூடம், கூடத்தில் தறிக்குழி, வீடே பட்டறை. தெருவும் பட்டறைதான்: காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க நீளமான தெரு வேண்டும். ஒரு புடவை தறியிலிருந்து இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், கூலி அதற்கப்புறம்தான். அதுவரை அந்த வீட்டு அடுப்பு எரிவது யாரால்? மூலைக்கடைக் கணக்கு நோட்டால். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் ஈரம் ஏறித் தறி நின்றால் நோட்டுப் பக்கங்கள் நீளும். முகூர்த்த மாதத்தில் குறையும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கி இருபது ஆண்டு ஆகிறது. அந்தப் பட்டின் முதலீட்டில் மளிகைக்காரரின் கடன் எவ்வளவு என்று எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

ஏற்கெனவே இது தேய்ந்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபின் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டு பஸ் ஏறிவிட்டார்கள். மாதச் சம்பளம் வாங்குபவர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார். இந்த நிலையில் திண்ணை வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறினால் நோட்டில் மிச்சமிருக்கும் கணக்கும் தீர்ந்துவிடும்.

'சுற்றுலாப் பயணிகள் வந்தால் வியாபாரம்தானே பெருகும்' என்று நமது உறுப்பினர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளுக்குப் பெருகும், அதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பயணி வந்து ஐந்து கிலோ துவரம் பருப்பு வாங்க மாட்டார். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவிட்டுக் காரில் ஏறுவார். புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியில் காலாற நடந்து பாருங்கள். விடுதிக்கும் காப்பிக் கடைக்கும் குறைவில்லை. ஒரு கிலோ உளுந்து வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்குத்தான் வரவேண்டும்.

வீட்டை விற்காதே என்று யாரையும் தடுக்க நமக்கு உரிமையில்லை. நமது உறுப்பினர்களிலும் வீட்டுக்காரர்கள் உண்டு. நல்ல விலை வந்தால் அவர்கள் மகள் கல்யாணத்தைப் பார்ப்பார்களா, பாரம்பரியத்தைப் பார்ப்பார்களா? ஆனால் அரசும் மாநகராட்சியும் தெருக்களைப் பட்டியலிட வந்தால், வீடுகளோடு சேர்த்துத் தறிகளையும் கடைகளையும் எண்ண வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. 'உன் செலவில் புதுப்பி' என்ற பிலடெல்பியா நிபந்தனை இங்கே நுழையக் கூடாது; குறைந்த வட்டிக் கடனும் மானியமும் முதலில் வரட்டும். தெருவுக்குக் கல் பாவுகிறேன் என்று பாவு நீட்டும் இடத்தில் பூந்தொட்டி வைக்கக் கூடாது. அன்றாடச் சாமான் விற்கும் கடை இருக்கும் இடத்தில் விடுதிக்கு உரிமம் கொடுக்குமுன் அந்தக் கடைக்காரரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இதையெல்லாம் மனுவாக எழுதுமுன் நமக்கே கணக்குத் தெரிய வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் வாடகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கடை அளவு, எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், எழுத்து ஒப்பந்தம் உண்டா இல்லையா, பதிவாகியிருக்கிறதா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி இம்மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்க்கக் கோருகிறோம். ஒப்பந்தம் இல்லாதவர்கள் வீட்டுக்காரரிடம் பேச, கூட நிர்வாகி ஒருவர் வர வேண்டுமென்றால் அதையும் அந்தத் தாளிலேயே குறிப்பிடலாம்.