அகலம் மட்டும் போதுமா?

இணையம் மெதுவாக இருக்கிறது என்றால் நம்மவர் உடனே கூறும் மருந்து ஒன்றே: "பெரிய இணைப்பாக வாங்குங்கள்." அலுவலகமாயினும் கல்லூரியாயினும் இதே பேச்சுத்தான். இம்மருந்து எல்லா நோய்க்கும் ஏற்றதன்று என்பது என் கருத்து. பூந்தமல்லி நெடுஞ்சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பூந்தமல்லிக்கும் சென்ட்ரலுக்கும் இடையே உள்ள தூரம் ஓர் அடியும் குறையாதன்றோ?

கணக்கைப் பார்ப்போம். ஒளி கண்ணாடி இழைக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து தில்லிக்குக் கேபிள் செல்லும் வழி 2,200 கிலோமீட்டர் என்று கொள்வோம். போய்த் திரும்ப 22 மில்லி விநாடி. இது சிறு நேரந்தான். ஆனால் ஒரு கணிப்பொறி தொலைவிலுள்ள கோப்பைத் திறப்பதற்கு, "திறக்கலாமா?", "அடுத்த பகுதி எங்கே?" என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் முறை கேட்டு ஆயிரம் முறை பதில் பெறுமானால், 22 விநாடி காத்திருப்பிலேயே கழிந்துவிடும். இணைப்பை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் காத்திருப்பு அப்படியே நிற்கும்.

மற்றொரு தொல்லையும் உண்டு. டி.சி.பி. என்னும் நெறிமுறை, அனுப்பிய சரக்குக்கு ரசீது வந்த பிறகே மேலும் சரக்கு ஏற்றும் மண்டி வணிகரைப் போன்றது. அதன் பழைய அமைப்பில் ரசீதின்றி அனுப்பத்தக்கது 64 கிலோபைட்தான். போய்வரக் கால் விநாடி ஆகும் தொலைவானால் விநாடிக்கு 256 கிலோபைட், அதாவது சுமார் 2 மெகாபிட் மட்டுமே செல்லும். 100 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியவருக்கும் அதே 2 தான்! 1992-இல் இவ்வரம்பை உயர்த்த வழி வகுத்தார்கள். எனினும் வழியில் பொட்டலம் தொலைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இயல்பு பெரும்பாலும் நீடிக்கிறது.

இக்குறை தீர்க்கவே 2000-ஆம் ஆண்டுகளில் வேகமூட்டும் கருவிகள் பரவின. இணைப்பின் இரு முனைகளிலும் அவை நிற்கும். ஒருமுறை வந்த தரவைச் சேமித்து வைத்து, மறுமுறை அதே தரவு வரும்போது சிறு குறியீட்டை மட்டும் அனுப்பும். அம்பத்தூர் ஆவின் பண்ணையின் பாலை வாங்க ஆவடிக்காரர் விடியற்காலையில் அம்பத்தூருக்கா போகிறார்? தெருமுனை பூத்தில் வாங்கிக்கொள்கிறார். அதே முறைதான் இது.

ஒரே கருவியை நம்பினால், அது நின்ற அன்று வேகமும் போகும். சில வேளை வேலையே நின்றுபோகும். ஆகவே இரண்டு மூன்று கருவிகளைக் கூட்டாக நிறுத்துவர். அவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றன் நலத்தை மற்றொன்று இடைவிடாது விசாரிக்கும். ஒன்று ஓய்ந்தால் மற்றவை ஏற்கும். மூன்று கருவி வாங்குவோர் ஒரு கணக்கை மறக்கலாகாது. ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் முழுச்சுமையைத் தாங்க வேண்டும். ஆகையால் எதையும் மூன்றில் இரு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டை மறந்திருக்காது. ஒரே தரைத்தளத்தில், ஒரே மின்கம்பியில் நிற்கும் இரண்டு கருவிகள் ஒரே நீரில் மூழ்கும். அதற்குக் கூட்டு என்று பெயரிடுவது வீண் ஆறுதல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் தரவைப் பூட்டியே அனுப்புகின்றன. பூட்டிய பெட்டிக்குள் இருப்பது பழைய பொருளா என்று இடையில் நிற்கும் கருவிக்குத் தெரியாது. சாவியைத் தானே வைத்திருக்கும் நிறுவனத்தின் சொந்த வலையமைப்பில்தான் இது முழுப்பயன் தரும். எல்காட் நிறுவனம் நடத்தும் மாநில விரிபரப்பு வலையமைப்பு அத்தகையது. தலைமைச் செயலகத்தையும் மாவட்ட, வட்ட அலுவலகங்களையும் அது இணைக்கிறது. ஒரே அரசாணையும் ஒரே படிவமும் பல ஊர்களுக்குச் செல்லும் இடமன்றோ அது?

எனவே என் கருத்து இதுதான். பொதுப்பணத்தில் இணைப்பு வாங்குமுன், போய்வரும் நேரம் எவ்வளவு, திரும்பத் திரும்ப வரும் தரவு எத்தனை பங்கு என்று அளக்க வேண்டும். நெரிசலே காரணமென்றால் அகலத்தை வாங்கலாம். தொலைவு காரணமென்றால் அருகில் ஒரு நகலும், வெவ்வேறு இடத்தில் நிற்கும் கருவிக் கூட்டும் வேண்டும்.

அம்பத்தூரில் 2023-இல் என்.டி.டி. நிறுவனமும் 2024-இல் டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனமும் பெரும் தரவு மையங்களைத் திறந்தன. உலகின் தரவு நம் வாசலில் வந்து தங்குகிறது. நம் மாணவரோ? 2020 முதல் அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியே விண்ணப்பம் பெறப்படுகிறது. வீட்டில் கணிப்பொறி இல்லாத பிள்ளை கடைசி நாளில் ஏதோ ஒரு மையத்தில், சுழலும் வட்டத்தைப் பார்த்து நிற்கிறது. உடன்வந்த தாய்க்கு அரைநாள் கூலி போகிறது. அந்த அரைநாளையும் திட்டமிடுவோர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, அளப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நம் ஆய்வகத்துக் கணிப்பொறியில் 'பிங்' என்னும் கட்டளையே போதும். ஒரு வாரம் மணிக்கொருமுறை குறித்து அட்டவணையிடுங்கள். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், நம் கேள்வியை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது.