சிறிய சங்கல்பம்

ஜனவரி மாதத்துச் சங்கல்பங்கள் பொங்கலுக்குள் நமுத்துப்போவதற்கு மனவுறுதியின் குறைவைக் காரணம் காட்டுவது வழக்கமாயினும், 1736-இல் தொடங்கி 1761-இல் தம் அந்திய காலம் வரையில் தினசரிக் குறிப்பு எழுதிவந்த புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையை நோக்குங்கால், குறை அந்தச் சங்கல்பங்களின் ஆடம்பரத்திலேதான் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. சரித்திரம் படைப்பதாக அவர் விரதம் பூண்டவரல்லர், துறையில் கப்பல் வந்து நங்கூரம் பாய்ச்சியது, குவர்னர் துரை இத்தனை நாழிகைக்கு அழைத்தார், குவர்னர் துய்ப்ளேயின் துரைசானி செய்த சூழ்ச்சி இன்னது என்று (வம்பும் உண்டு, தாராளமாகவே!) அன்றன்றைய சங்கதிகளைப் பேச்சுநடையிலேயே குறித்துவைத்தார். நடையழகைப் பற்றி விசாரப்பட்டிருந்தால், கர்நாடக யுத்தங்களின் அமளியில் அவருடைய எழுதுகோல் எப்போதோ ஓய்ந்திருக்கும். பிற்காலத்தில் சென்னை அரசாங்கத்தார் அந்தத் தினசரிக் குறிப்பை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டபோது 12 தொகுதிகள் வேண்டியிருந்தன.