விடிந்தால் பிரியும் குழு

கல்லூரிப் படிப்பு முடிந்து வெளியேறும் விகடக் குழுவினர் பிரிவுபசாரத்தன்று கண் கலங்குவது இயல்பே. எழுதிய வசனமின்றி, ஒருவர் வீசிய சொல்லை மற்றொருவர் ஏந்திச் சபையைச் சிரிக்க வைத்தவர்கள் அல்லவா? குழு கலைந்தால் கலையும் போயிற்றென்று அவர்கள் வருந்துகிறார்கள். சேத்தூரிலிருக்கும் நாம் அவர்களுக்கு நினைவூட்ட விரும்புவது நம் தென்பாண்டிச் சீமையின் ஸ்பெஷல் நாடகத்தை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய 'வள்ளி திருமணம்' கோயில் விழாக்களில் இன்றும் நடைபெறுகிறது. ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் வேறூர், பபூன் மற்றோரூர். ஒத்திகை கிடையாது. இரவில் கூடுவர், விடிந்ததும் பிரிவர். கதையும் பாட்டும் முன்னோர் தந்தவை. பபூனின் கேலியோ அந்தந்த இரவிலே பிறப்பது. மறுநாள் வேறோர் ஊரில், வேறு துணைவரோடு, அது மீண்டும் பிறக்கும்.

சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ் (1886-1940) இந்நாடகத்தைத் தேச சேவைக்கே ஆக்கினார். மேடையில் அவர் வெள்ளைக் கொக்கைப் பாடினால், கொக்கு யாரென்பது சபைக்கும் தெரியும், போலீசாருக்கும் தெரியும்! பன்முறை சிறை புகுந்த அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருக வேடத்துடன் மேடையிலேயே உயிர் நீத்தார். அவரோடு அந்த நாடகம் மடிந்துவிடவில்லை.

ஆகவே, இளைஞர்களே, குழுவின் பெயர் போகட்டும். பிறர் சொல்லைச் செவிமடுத்து ஏந்தும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். அது உள்ளவரை, எவரோடு நின்றாலும் அவரே உங்கள் குழு. சென்று வருக!