ஸ்தானிகரும் வோட்டரும்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு பிள்ளை அயல்நாட்டு உத்தியோகப் பரீட்சையில் தேறிவிட்டால் தெருவே பெருமை கொள்ளும். அதே பிள்ளை தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னால் வீட்டார் முகம் வாடிவிடும். "கற்றவனுக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்கும் இம்மனப்பான்மை நாட்டுக்கு நன்மை செய்ததா? இதை ஆராய, ஸ்ரீ மணிசங்கர் ஐயரின் பொதுவாழ்வு தக்கதோர் உதாரணமாகும்.

1941-ல் லாகூரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1963-ல் அயல்நாட்டு உத்தியோகத்தில் அமர்ந்தவர் அவர். 1978 முதல் 1982 வரை கராச்சியில் இந்தியாவின் கான்ஸல் ஜெனரலாக இருந்தார். 1989-ல், பென்ஷன் காலம் வரும்வரை காத்திராமல், உத்தியோகத்தை விட்டு அரசியலில் இறங்கினார். 1991-ல் மயிலாடுதுறை ஜனங்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர், இடையில் கைவிட்டனர், 1999-லும் 2004-லும் மறுபடியும் அனுப்பினர், 2009-ல் தோற்கடித்தனர்.

இந்த ஏற்றத்தாழ்வை அவமானமென்று சிலர் எண்ணலாம். நாம் அவ்விதம் எண்ணவில்லை. ஸ்தானிகர் பதில் சொல்ல வேண்டியது தம்மை அனுப்பிய சர்க்காருக்கு மட்டுமே. ஜனப் பிரதிநிதியோ, காவிரியின் கடைமடையில் நீருக்காகக் காத்திருக்கும் குடியானவனுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2004-ல் பஞ்சாயத்து ராஜ்யத்துக்கென்று தனி இலாகா அமைந்தபோது அதன் முதல் மந்திரியாகி, கிராமத்தின் அதிகாரம் கிராமத்தார் கையிலேயே இருக்கவேண்டுமென்று அவர் ஓயாது வாதாடினார். அயல்நாட்டுத் தலைநகரங்களில் இருந்தபடியே ஒருவர் கற்கக்கூடிய பாடமல்ல இது.

குறையையும் சொல்லவேண்டும். சொல்லை அளந்து பேசுவது ஸ்தானிகர் தொழிலுக்கு அரிச்சுவடி. அத்தொழிலில் பழகிய இவரை, பிரதம மந்திரியைக் குறித்துச் சொன்ன ஒரு சொல்லுக்காக 2017 டிசம்பரில் காங்கிரஸே தற்காலிகமாக விலக்கி வைத்தது. 2018-ல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. மேடையும் தூதரகமும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் நாவடக்கம் இரண்டு இடத்துக்கும் பொது.

வேறொரு வழியும் உண்டு. தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ ஜெய்சங்கர் 1977-ல் அயல்நாட்டு உத்தியோகத்தில் சேர்ந்து, சீனாவிலும் அமெரிக்காவிலும் ஸ்தானிகராக இருந்து, 2015 முதல் 2018 வரை அயல்நாட்டுக் காரியதரிசியாகப் பணியாற்றியவர். 2019-ல் அவ்விலாகாவுக்கே மந்திரியானார். அவர் பார்லிமெண்டில் பிரவேசித்தது குஜராத்திலிருந்து ராஜ்ய சபை வழியாக. இது சட்டத்துக்கு முற்றும் உட்பட்டது; அவருடைய திறமையையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் "உம்மை அனுப்பியவன் நான், வேண்டாமென்றால் திரும்ப அழைப்பவனும் நான்" என்று சொல்லும் உரிமை எந்தச் சாமானிய வோட்டருக்கும் அங்கே இல்லை. அந்த உரிமைக்குத் தலைவணங்குவதே ஜனநாயகம்.

அதை நன்கு உணர்ந்தவர் ஸ்ரீ கே. ஆர். நாராயணன். வறுமையில் பிறந்து, சீனாவிலும் அமெரிக்காவிலும் ஸ்தானிகராக இருந்தபின், ஒற்றப்பாலத்தில் 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஜனங்களிடம் வோட்டுக் கேட்டு வென்றார். 1998-ல் ராஷ்டிரபதியாக இருக்கும்போதே, மற்றவரோடு வரிசையில் நின்று வோட்டளித்தார்.

இனி நம் பக்கம் திரும்புவோம். 2024 பொதுத்தேர்தலில் தமிழ்நாட்டில் 100-க்குச் சுமார் 70 பேர் வாக்களித்தனர். மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடங்கிய தென்சென்னைத் தொகுதியில் வாக்களித்தவர் சுமார் 54 பேரே. உலக விவகாரங்களைக் காலைக் காபியோடு அலசும் பேட்டைகள் இவை! தேசத்தின் ராஷ்டிரபதி நின்ற வரிசையில் நிற்க நமக்கு நேரமில்லை. பிறகு, நல்லவர் அரசியலுக்கு வருவதில்லை என்று குறைகூற மட்டும் நேரமிருக்கிறது.

கற்றவர் தேர்தலுக்கு வரவேண்டுமானால், முதலில் கற்றவர் சாவடிக்கு வரவேண்டும். அடுத்த தேர்தலில் தென்சென்னை இந்த இழுக்கைத் துடைக்குமா?