ஜாப் போட்டாச்சு... முடிஞ்சுதா?



"டேட்டாபேஸ்ல ஜாப் போட்டாச்சு, இனி அது பாத்துக்கும்!" லேபில் நாம் அடிக்கடி கேட்கும் வசனம் இது. தினமும் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடு, மாதக் கடைசியில் சம்பளக் கணக்கைப் போடு என்று கம்ப்யூட்டரிடம் ஒருமுறை சொல்லி வைப்பதுதான் ஷெட்யூல்டு ஜாப். சொன்னது நடந்ததா என்று மறுநாள் காலையில் பார்ப்பவர் எத்தனை பேர்? ஜாப் எழுதுவது பாதி வேலை. அது முடிந்ததா என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி என்பது என் கருத்து.

வெறும் பேச்சல்ல. 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு என்ஜினீயர் சர்வர் மாறி, நிஜ டேட்டாபேஸின் ஃபைல்களை அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. போச்சு! பேக்கப்பைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி. ஜாப் என்னவோ தினமும் கிளம்பியிருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்கப் எடுக்கும் புரோகிராமோ 9.2. ஒத்துப்போகாமல் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மெயில்களும் கிளம்பின. அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் விதிக்குப் பொருந்தாததால் அவையும் தள்ளுபடி! வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். இத்தனையையும் அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது. அதைப் பாராட்ட வேண்டும்.

'ஃபெயில் ஆனா அலர்ட் வருமே' என்பவர்களுக்கு இதுவே பதில். அலர்ட்டும் ஒரு ஜாப்தானே!

எங்கே பார்ப்பது? எஸ்.க்யூ.எல். சர்வரில் ஜாப் ஹிஸ்டரி இருக்கிறது. ஸ்டேட்டஸ் 0 என்றால் தோல்வி, 1 வெற்றி, 2 மறுமுயற்சி, 3 ரத்து. நாம் மாற்றாவிட்டால் ஒரு ஜாபுக்கு 100 வரிதான் வைத்திருக்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஜாப் என்றால் நேற்றைய கதை இன்று இருக்காது. ஆரக்கிளின் பழைய முறையில் 16 தடவை தொடர்ந்து தோற்றால் 'புரோக்கன்' என்று குறித்துவிட்டு, அப்புறம் தானாக ஓடவே ஓடாது. மை எஸ்.க்யூ.எல். ஈவென்ட்டோ கடைசியாக எப்போது கிளம்பியது என்று மட்டும் காட்டும். தோற்றதா என்பதற்கு எரர் லாகைத்தான் புரட்டணும்.

ஸ்டேட்டஸ் 1 என்றாலும் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தமில்லை. எங்க அப்பா விவசாயி, பள்ளிக்கூடமே போகாதவர். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் தானா ஓட ஸ்டார்ட்டரில் ஆட்டோ போட்டிருக்கிறார். ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போவார். "மோட்டார் சத்தம் கேக்குதேப்பா" என்றால், "சத்தம் கேட்டா ஆச்சா? கடைசிப் பாத்திக்குத் தண்ணி போச்சான்னு பாக்க வேணாமா?" என்பார். நமக்குக் கடைசிப் பாத்தி எது? எத்தனை ரெக்கார்ட் ஏறியது என்று எண்ணுவதும், பேக்கப்பை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்ப்பதும்தான்.

நம்மில் பலர் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு நைட் ஷிஃப்ட் சப்போர்ட் வேலைதான் பலருக்கும் முதல் படியாக இருக்கும். ஏதாவது தவறினால் முதல் கேள்வி கடைசியாகச் சேர்ந்தவனிடம்தான் வரும். பரிந்து பேச நமக்கு யார் இருக்கிறார்கள்? காலையில் பார்த்து, நேரம் போட்டு எழுதி வைத்த நோட்டுதான் நமக்காகப் பேசும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாபை உருவாக்கும் பயிற்சியோடு, அதை வேண்டுமென்றே ஃபெயில் ஆக்கி, அது எங்கே தெரிகிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சியும் லேப் ரெக்கார்டில் இடம்பெற வேண்டும்.

நண்பர்களே! 'போட்டாச்சு' என்பது பெருமையல்ல. 'பாத்தாச்சு' என்று சொல்லப் பழகுவோம்!

- மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை