முதலில் ஏழு பலகை போதும்!

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ரயில் ஓடுகிற பாதையையும் நாமே போடலாம் என்பது தெரியுமா? 2001ல் வந்த மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டரிலேயே அந்த வசதி இருந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் உருவான 'டிரெயின்ஸ்' விளையாட்டில் இதற்கென்றே 'சர்வேயர்' என்று ஒரு பகுதி உண்டு. தண்டவாளத்தை நூல் மாதிரி இழுத்து வளைக்கலாம்; மலையை உயர்த்தலாம்; மரம் நடலாம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன், கோடை லீவில் இதில் உட்கார்ந்தான். எடுத்த எடுப்பில், 'ஊட்டி மலை ரயில் பாதையைப் போடப் போறேன் மாமா' என்றான்.

டிரெயின்ஸில் தரையைப் பலகை பலகையாகச் சேர்க்க வேண்டும். ஒரு பலகை 720 மீட்டர் நீளம், 720 மீட்டர் அகலம். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு ரயில் பாதை 46 கி.மீ., நேர்க்கோடாகப் போட்டாலே 64 பலகை வேண்டும்! அந்தப் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டரில் கிளம்பி, 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறு - குன்னூர் இடையே பல் தண்டவாளம் வேறு. மூன்றாவது பலகையிலேயே, 'போர் அடிக்குது மாமா' என்று எழுந்து விட்டான்.

பையன் சோம்பேறி இல்லை. ஆரம்பித்த இடம் தான் தப்பு. என்னைக் கேட்டால், முதல் பாதை உங்கள் ஊர் ஸ்டேஷனில் இருந்து அடுத்த ஸ்டேஷன் வரை போதும். 5 கி.மீ., என்றால் ஏழு பலகை தான்!

ஏன் சொந்த ஊர்? போட்டது சரியா என்று நேரில் போய்ப் பார்க்கலாமே! ஸ்டேஷன் பெயர் எழுதிய மஞ்சள் போர்டைக் கவனியுங்கள். கடல் மட்டத்தில் இருந்து அந்த இடத்தின் உயரம் பெரும்பாலும் அதில் இருக்கும். அடுத்த ஸ்டேஷன் உயரத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். 5,000 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் ஏறினால், சராசரியாக 500க்கு 1 என்ற சரிவு. கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்த அதே வகுத்தல் தான்!

ஆனால், ஸ்டேஷனுக்குள் தரை ஏறக்குறைய சமமாக இருக்கணும். 400 மீட்டருக்கு 1 மீட்டரை விட அதிகச் சரிவு பொதுவாகக் கூடாது என்பது நம் ரயில்வே விதி. இல்லாவிட்டால், கழற்றி நிறுத்திய பெட்டி தானாக உருளக் கூடும்.

மின்சார ரயில் பாதை என்றால், கம்பங்களில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். மேலே இருப்பது கிலோமீட்டர். கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண். ஜன்னலோரம் உட்கார்ந்து, 'இந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் பாலம், அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் கேட்' என்று நோட்டில் குறித்தால், பாதி வேலை முடிந்தது. தலையை, கையை வெளியே நீட்டாதீர்கள்!

இன்னொன்று... அளக்கிறேன், போட்டோ எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. ரயில்வே சட்டம் 147வது பிரிவின்படி அது குற்றம். வேகமாக வரும் மின்சார ரயிலின் சத்தம் பக்கத்தில் வரும் வரை காதில் விழாமலே போகலாம். பிளாட்பார டிக்கெட் எடுத்து, அப்பாவோடு போய்ப் பாருங்கள்.

'இதுவும் கம்ப்யூட்டர் விளையாட்டு தானே' என்று பெரியவர்கள் திட்டுவர். நோட்டைக் காட்டுங்கள்!

அக்கா மகன் இப்போது தன் ஊரை ஏழு பலகையில் போட்டு முடித்து விட்டான். முதல் ரயில் வந்து நின்றதும் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். பாட்டி கண்ணாடியை மாட்டிக் கொண்டு பார்த்து, 'ஸ்டேஷன் வாசல்ல இருக்குற டீக்கடை எங்கேடா?' என்றார்.

மறுநாள் அதுவும் வந்து விட்டது!