தீபத்தைச் சூழ்ந்த வண்ண வளையம்

நண்பகல் வெயிலில் வெளிப்பிராகாரத்தை வலம் வந்து, மகாமண்டபத்தைக் கடந்து, கருவறை முன் நிற்கும் முதியவர்கள் பலருக்கு முதலில் ஒன்றுமே புலப்படுவதில்லை. தூண்டாமணி விளக்கின் சுடர் மட்டும் இருளில் மிதக்கிறது. அதற்குள் பின்னால் நிற்பவர்கள் நகரச் சொல்கிறார்கள். "இன்று சுவாமி சரியாகத் தெரியவில்லையே" என்ற மனக்குறையுடன் திரும்ப வேண்டியதாகிறது.

குறை பக்தியில் அன்று. கண் இருளுக்குப் பழகும் முறையில் இருக்கிறது. விழித்திரையில் பகல் ஒளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம்; மங்கிய ஒளிக்குரிய கோல் செல்கள் சுமார் 12 கோடி. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்தால் கூம்புகள் ஏறக்குறைய 10 நிமிடங்களில் பழகிவிடும். கோல்கள் முழுத் திறனை அடைய 30 முதல் 40 நிமிடங்கள் ஆகும். வயது ஏறினால் இந்தத் தாமதமும் ஏறும். மேலும் கண்மணி சுருங்கி, உள்ளிருக்கும் லென்ஸும் மஞ்சளித்துவிடுவதால், 20 வயதில் விழித்திரையை அடைந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் அதை அடைகிறது. வருமானம் இவ்வளவு குறைந்த பிறகு பழைய செலவை எதிர்பார்க்கலாமா? தரிசனத்துக்கு முன் மண்டபத்தில் கால் மணி நேரம் அமர்ந்து நாமஜபம் செய்பவருக்குக் கருவறை தெளிவாகவே தெரியும்.

இருள் வேறு சில வேடிக்கைகளையும் காட்டும். விடியலுக்கு முன் நந்தவனத்துக்குப் பூப்பறிக்கச் செல்பவர்களுக்குச் செவ்வரளி கறுத்தும், சங்குபுஷ்பம் எடுப்பாகவும் தெரியும். கோல் செல்களுக்குச் சிவப்பு அநேகமாகப் புலப்படாததே காரணம். பூர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலர்களைப் பார்த்தே இதைக் கண்டறிந்தார். சுற்றிலும் இருள் சூழ்ந்த ஒற்றை விளக்கை உற்றுநோக்கினால் அது மெல்ல நகர்வது போலிருக்கும். 1799இல் டெனரீப் தீவின் மலையில் நின்ற ஹும்போல்ட், விண்மீன்கள் ஊசலாடுவதாகவே கருதினார். பிற்பாடுதான் அது கண்ணின் மயக்கம் என்று தெளிந்தது. கற்பூர ஆரத்தியைக் கண்டு இமை மூடியதும் நிறம் மாறிய சுடரொன்று மிதப்பதும் இவ்வகையே. இவை எவையும் நோயல்ல.

வண்ண வளையம் அப்படியன்று. மாலையில் குத்துவிளக்கையோ தெருவிளக்கையோ பார்க்கையில் சுடரைச் சுற்றி, உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாக வானவில் போன்ற வளையம் சிலருக்குத் தெரிகிறது. இறைவனின் திருவாசியை நினைவூட்டும் காட்சி. அதை அருளின் அடையாளமாகப் போற்றி மனத்துக்குள் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறந்துவிடுபவர்களும் உண்டு.

நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று கிராமத்தில் சொல்வார்கள். மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகள் நிலவொளியைச் சிதறடிக்கும்போது அந்த வளையம் உண்டாகிறது. கண்ணிலும் நடப்பது அதுவே. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வழி சிலருக்கு இயல்பிலேயே குறுகலாக இருக்கும். இருளில் கண்மணி விரியும்போது அவ்வழி அடைபட, கண்ணின் அழுத்தம் திடீரென உயர்கிறது. முன்புறக் கருவிழியில் நீர் கோத்துக்கொள்ள, விளக்கொளி வளையமாகச் சிதறுகிறது. கண் நீர் அழுத்த நோயில் இது ஒரு வகை. பெண்களுக்கும், தூரப்பார்வையை விடக் கிட்டப் பார்க்கத் தடுமாறி இளமையிலேயே குவிலென்ஸ் கண்ணாடி அணிந்தவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது.

இந்நோய் ஏமாற்றுவதில் வல்லது. உறங்கும்போது கண்மணி சுருங்குவதால் அடைப்பு தானே விலகிவிடலாம். காலையில் வளையமும் இல்லை, வலியும் இல்லை. ஆகவே யாரிடமும் சொல்வதில்லை. பிறகு ஓரிரவு ஒரு கண் சிவந்து, அந்தப் பக்கத் தலை பிளப்பது போல் வலித்து, வாந்தியும் வரும். வாந்தியைக் கண்ட வீட்டார் அஜீரணம் என்று எண்ணி ஓமத்திரவம் கொடுத்து விடியும்வரை காத்திருப்பார்கள். அந்தச் சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பு பழுதாகக்கூடும். அவ்வாறு போன பார்வை எந்தச் சிகிச்சையாலும் திரும்புவதில்லை.

கண்புரையில் காணும் காட்சி வேறு. சுடரிலிருந்து கதிர்கள் நீளும்; ஒரு கண்ணை மூடிய பின்னும் ஒரு நிலா இரண்டு மூன்றாகத் தெரியும். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு, அவசரமும் இல்லை. ஆனால் இருளில் கண்ணோரம் புதிதாக மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, திரை இறங்குவது போலிருந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். விழித்திரை கிழிந்திருக்கக்கூடும்.

வண்ண வளையம் கண்டவர் பகலில் மருத்துவமனைக்குச் சென்று எழுத்துப் பலகையைத் தடுமாறாமல் படித்துவிடலாம். அதனால் "சாயங்காலம் விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது" என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீர் வெளியேறும் கோணத்தை மருத்துவர் தனிக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் வைத்துச் சோதிப்பார். குறுகியிருந்தால் லேசர் கதிரால் சிறு துளையிட்டு நீருக்கு மாற்றுவழி அமைப்பார். பெரும்பாலும் மற்றொரு கண்ணுக்கும் முன்கூட்டியே அவ்வாறு செய்துவிடுவார். சில நிமிட வேலைதான். அன்றே வீடு திரும்பலாம்.